எசன் நகரத்துப் பிள்ளைத்தாச்சி

அக்காவின் முழங்காலுக்காகத்தான் நான் ஜேர்மனிக்குப் போனேன். தேய்ந்துபோன மூட்டெலும்பை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு மாதமாவது அடுப்படியில் நிற்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். நான் மானிப்பாயில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். மார்கழி விடுமுறை வேறு வந்துகொண்டிருந்தது. ஆகவே நானே சமையற்காரி என்று குடும்பத்தில் என்னைக் கேட்காமலே முடிவாகிவிட்டது.

பெட்டியில் ஒடியல் மா, பனங்கட்டி, ஒரு பை செத்தல் மிளகாய். இவற்றோடு கீரிமலைக் கரையில் பொறுக்கிய சிப்பிகளும் இருந்தன. அக்காவின் மகள் தாரணி தன் அறையில் வண்ண மீன் வளர்க்கிறாள் என்று பல வருடங்களாகக் கேள்விப்பட்டிருந்தேன். தொட்டியின் அடியில் போட்டால் வடிவாக இருக்கும் என்று நினைத்தேன்.

விமான நிலையத்துக்குத் தாரணிதான் கார் கொண்டு வந்தாள். ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள், முப்பதுக்குக் கிட்ட வயது. ஜேர்மனியில் பிறந்தவளின் தமிழ் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தமிழைவிடப் பழையதாக இருந்தது. அக்கா ஊரைவிட்டு வந்த காலத்துத் தமிழ் அப்படியே அவளிடம் தங்கிவிட்டது. மீனெல்லாம் சுகமா என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கார் சற்று ஆடியது.

"அம்மா உங்களுக்கும் மீன் எண்டே சொன்னவ? சின்னம்மா, அது மீன் இல்லை. பாம்பு."

நெடுஞ்சாலையில் கதவைத் திறந்து இறங்கவா முடியும்? வீடு வரை போனேன்.

எசனில் மூன்றாம் மாடி. அக்கா கூடத்துச் சாய்கதிரையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய சாடியில் கறிவேப்பிலை மரம், கூரையைத் தொட்டு வளைந்து நின்றது. அதற்கென்று மேலே தனி விளக்கு, கீழே வெப்பமூட்டி. அகதியாக வந்த காலத்தில் யாரோ கொடுத்த கன்றாம். அத்தான் காலமான பிறகு அக்கா அதனோடுதான் அதிகம் பேசுகிறாள் என்று தாரணி சொன்னாள். கொலோனில் இருக்கும் மச்சாள், அதாவது அத்தானின் தங்கை, வருடாவருடம் ஒரு பக்கக் கன்று கேட்பாளாம். அக்கா இலை கொடுப்பாளாம், கன்று கொடுக்கமாட்டாளாம்.

பாம்பைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். "அந்த அறைக்கதை என்னட்டை வேண்டாம்" என்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊரில் நாங்கள் இரவில் பாம்பு என்று சொல்லமாட்டோம். அக்கா பகலிலும் சொல்வதில்லை. பத்து வருடமாக அந்த அறை வாசலைத் தாண்டியதும் இல்லையாம்.

முதல் இரண்டு நாளும் எனக்குக் குளிரோடு சண்டை. பின்னேரம் நாலரைக்கே வெளியே இருட்டு. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை முடிந்த அன்று இரவு அக்காவுக்குக் குளிர்ந்த பாணும் பாற்கட்டியும் புளிக்கவைத்த வெள்ளரிக்காயும் கொடுத்தார்களாம். ஊரில் அப்படிச் செய்தால் வைத்தியசாலையின் மீது கல் விழும். வீட்டிலோ, உறைபனியிலும் காலையில் எல்லா ஜன்னலையும் திறந்து காற்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்று கட்டடத்துக்காரர் படிக்கட்டில் எழுதி ஒட்டியிருந்தார். அக்கா அதைக் கந்தசட்டி விரதம்போல அனுட்டித்தாள். நான் இரண்டு கம்பளிக்குள் கிடந்து நடுங்கினேன்.

அந்த வீட்டில் எங்கள் ஊர்ச் சூடு உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். குளிர் என்னை அங்கே தள்ளிவிட்டது.

அறைக்குள் வெளிச்சம் மங்கலாக இருந்தது. சுவர் நிறையக் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்குள் குறுக்கே தடிகள். ஒவ்வொரு தடியிலும் ஒன்று, வளையம் வளையமாகச் சுற்றித் தலையை நடுவில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்று பழுத்த மாம்பழ மஞ்சள், ஒன்று செங்கல் சிவப்பு, ஒன்றில் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்திருந்தன. பயத்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவு அழகு. அமேசன் காட்டு மரப்பாம்புகள் என்றாள் தாரணி. விஷம் இல்லை, ஆனால் கடிக்கும், பல் நீளம். பகல் முழுவதும் தூங்கும், இருட்டினால் எழும்பும். மஞ்சள் நிறத்தவனுக்குக் கொழும்பான் என்று பெயர். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பற்றி அக்கா சிறுவயதில் அவளுக்குச் சொன்ன கதையிலிருந்து வைத்த பெயராம். அது அக்காவுக்குத் தெரியாது.

மூலைப் பெட்டியில் இருந்தவள் மட்டும் காய்ந்த மட்டைபோலச் சாம்பலும் மண்ணிறமுமாக இருந்தாள். வயிறு பருத்திருந்தது. இவளை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டேன்.

"இவதான் சின்னம்மா எல்லாரிலும் பெரிய ஆள். ஹில்டா. பிள்ளைத்தாச்சி."

இந்தப் பாம்புகள் முட்டை இடுவதில்லை, குட்டிதான் போடும். மண்ணிறத் தாய்க்கு எந்த நிறத்திலும் குட்டி பிறக்கலாம். ஒரே வயிற்றில் மஞ்சளும் சிவப்பும் சாம்பலும் வரும். வரும்வரை யாருக்கும் தெரியாது. அதுதான் இந்த வளர்ப்பின் பித்து என்று எனக்கு மெதுவாக விளங்கியது.

ஆனால் ஹில்டா தாரணியின் பாம்பு அல்ல. கொழும்பானோடு சேர்க்க வந்த, வெபர் என்ற கிழவரின் பாம்பு. இங்கே வளர்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவரிடம் நல்ல பெண் இருக்கும், மற்றவரிடம் நல்ல ஆண் இருக்கும். பெண்ணையோ ஆணையோ மற்றவர் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். பிறப்பதைப் பிரித்துக்கொள்வார்கள். தாயின் சொந்தக்காரர்தான் முதலில் தெரிவு செய்வார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஐயா மாட்டை வாரத்துக்கு விட்டது இப்படித்தான்: வளர்ப்பது ஒருவர், மாடு ஒருவருடையது, கன்றில் இருவருக்கும் பங்கு. தாரணிக்குத் தமிழில் அதற்கு ஒரு சொல் இருப்பதில் பெரிய சந்தோஷம்.

போன வருடமும் ஹில்டா வந்து தங்கியிருக்கிறாள். அப்போது குட்டிக்குப் பதிலாகக் கருப்பிடிக்காத மஞ்சள் கட்டிகள்தான் வந்தனவாம். வெபர் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் அனுப்பியிருக்கிறார். வயதான பெண் பாம்பை இப்படி ஓர் இளம் பிள்ளையை நம்பி யாரும் கொடுப்பதில்லை. இந்த முறை ஏதாவது பிழை நடந்தால் இனி எவரும் தன் வீட்டுக்குப் பாம்பு அனுப்பமாட்டார்கள் என்று தாரணி மெல்லிய குரலில் சொன்னாள். அறைக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும், கண்ணாடியைத் தொடக்கூடாது, மெல்லிய நுரையீரல் என்பதால் ஹில்டாவுக்குக் குளிர் படக்கூடாது. இவைதான் அவள் எனக்குச் சொன்ன சட்டங்கள்.

சனிக்கிழமை என்னை ஹம் நகரத்துக்குக் கூட்டிப்போனாள். அக்காவின் காலுக்காக அம்மன் கோயிலில் அர்ச்சனை. கோபுரத்தில் பனி படிந்திருந்தது, ஐயர் பட்டுக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அர்ச்சனை முடிந்ததும், அதே ஊரில் இன்றைக்கு ஊர்வனச் சந்தையும் இருக்கிறது என்று தாரணி மெல்லச் சொன்னாள். காலையிலிருந்தே அவளுக்கு இருந்த பக்தியின் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

சந்தை நல்லூர்த் திருவிழாக் கடைகள்போல நெருக்கியடித்தது. நாங்கள் கொத்துரொட்டி கட்டிக் கொடுக்கிற மாதிரிப் பிளாஸ்டிக் பெட்டிகளில் பாம்பும் பல்லியும் தேளும் அடுக்கியிருந்தார்கள். அங்கேதான் வெபரைச் சந்தித்தேன். முன்பு டிராம் ஓட்டியவர், நெடிய ஆள், சிரிப்பைச் சேமித்து வைத்திருப்பவர். ஒரு கையில் உருண்டைப் பாணுக்குள் பச்சை இறைச்சியும் வெங்காயமும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சமைக்காத இறைச்சிதான், நான் கிட்டப்போய் உறுதிப்படுத்தினேன். மற்றக் கையை என்னிடம் நீட்டி, ஹில்டா சாப்பிடுகிறாளா என்று கேட்டார். வயிற்றில் குட்டி இருக்கும்போது சாப்பிடமாட்டாள் என்று தாரணி சொன்னதும், தெரியும், இந்தப் பிள்ளை கவனிக்கிறாளா என்று பார்க்கத்தான் கேட்டேன் என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

திரும்பும்போது ரயில் கடைசி நிமிடத்தில் வேறு மேடைக்கு மாறியது. ஜேர்மன்காரர் நேரம் தவறாதவர்கள் என்று நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், இனிச் சொல்லமாட்டேன். படிக்கட்டு ஏறி இறங்கி ஓடிப்போய் ஏறினோம். ரயிலோ ஒரு வயல்வெளியில் போய் நின்றுகொண்டது. என் மடியில் கோயில் பொங்கல், எதிரே இருந்தவரின் மடியிலும் ஒரு பெட்டி. பேச்சுக்கொடுத்தேன். தாரணி மொழிபெயர்த்தாள். அவருடையது ஒரு பெரிய சிலந்தி, மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாம். பொங்கல் கொடுத்தேன். விரும்பிச் சாப்பிட்டார். சிலந்தியைக் காட்டட்டுமா என்று கேட்டார். கைகூப்பி மறுத்தேன்.

இனி என் கெட்டித்தனத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. கடைத் தூளில் வைத்த கறி கறியே அல்ல என்று தட்டைத் தள்ளினாள். மருந்துகளுக்கு மேலே சாப்பாடும் இல்லாவிட்டால் எப்படித் தேறுவது? ஒரு பகல் தாரணி வேலைக்குப் போயிருந்தபோது, நான் கொண்டுபோன செத்தல் மிளகாயில் தூள் வறுக்க முடிவு செய்தேன். மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் என்று ஒவ்வொன்றாகத் தாச்சியில் வறுத்தேன். கறிவேப்பிலை வேண்டுமென்று அக்காவின் மரத்தில் இரண்டு ஈர்க்குப் பிடுங்கினேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். கடைசியாக மிளகாய்.

ஊரில் இதை வளவில் வைத்து வறுப்போம், நெடி காற்றோடு போய்விடும். மூன்றாம் மாடி வீட்டில் அது எங்கே போகும்? கண் எரிந்தது. தொண்டை பிடித்தது. கூரையில் இருந்த புகைமணி கத்தத் தொடங்கியது. கதிரையில் ஏறி, கூட்டுகிற தும்புக்கட்டையால் அதை இடித்து நிறுத்தினேன். ஜன்னல்களைத் திறந்தேன். அப்போதுதான் பாம்புகளின் ஞாபகம் வந்தது. மெல்லிய நுரையீரல் என்று தாரணி சொன்னாளே.

அவசரமாக அந்த அறைக்குள் ஓடினேன். அங்கும் நெடி. ஜன்னலை மேற்பக்கம் மட்டும் சாய்த்துத் திறந்தேன். ஆனால் பெட்டிக்குள் புகுந்த புகை? வழியில்லாமல் வாயு வெளியேறாது. இருபது வருடமாக, சூடான காற்று மேலெழும் மேற்காவுகையைப் படிப்பிக்கிறவளுக்கு இது தெரியாதா? பிள்ளைத்தாச்சி அல்லவா, அவளுக்குத்தான் முதலில் காற்று வேண்டும். அகப்பைக் காம்பால் ஹில்டாவின் கண்ணாடியை ஒரு விரல் அகலம் தள்ளினேன். சுருண்டு கிடந்தவள், தேநீர்க்கடையில் விற்கும் உருண்டைப் பணிஸ் அளவில் இருந்தாள். பணிஸ் விரல் இடுக்கால் போகாது என்று கணக்குப் போட்டேன். அந்தப் பணிஸை நீட்டினால் கயிறு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு இருமி, முகம் கழுவி, தூளை அரைத்து, மீன்குழம்பு வைத்தேன். மருந்து மயக்கத்தில் அக்கா உறங்கிவிட்டாள். கூடத்து ஜன்னலையும் கதவையும் மூடி, வெளிச்சத்தை அணைத்துவிட்டு வந்தேன். மரத்துக்கு மேலே இருந்த விளக்கு நேரத்துக்குத் தானாகவே அணைந்துவிடும். இருட்டிய பிறகுதான் அந்தக் கண்ணாடியின் நினைவு வந்தது. போய்ப் பார்த்தேன். அறைக் கதவையும் நான் மூடியிருக்கவில்லை, தடி வெறுமையாக இருந்தது.

அறை ஜன்னல் இன்னும் சாய்ந்தபடியே இருந்தது. வெளியே உறைபனி. அந்த நேரத்தில் எனக்குப் பாம்பைப் பற்றிய பயம் துளியும் இருக்கவில்லை. எங்கேயாவது கிடந்து என்னைக் கடித்தாலும் பரவாயில்லை, கிடைத்தால் போதும் என்று கட்டிலுக்கடியில் வெறுங்கையை விட்டுத் தேடினேன். பிறகு தாரணிக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன்.

"ஜன்னலைப் பூட்டுங்கோ. வாறன்."

அவ்வளவுதான் சொன்னாள். வந்த பிறகும் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டாள். இந்தப் பாம்பின் கண் வெளிச்சம் பட்டால் தணல்போல மினுங்குமாம். அறை, குளியலறை, அடுப்படி, சப்பாத்து அலுமாரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கூடம் மட்டும் மிச்சம். அங்கே கதவு சாத்தியிருந்தது, அக்கா நித்திரை. அவளை எழுப்பிப் பதறவைக்க வேண்டாம் என்று தாரணி கீழே முற்றத்துக்கு இறங்கினாள்.

கார்களின் மேல் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே செடிகளுக்குள் அவள் முழந்தாளில் நின்று தேடினாள். விரல்கள் சிவந்துவிட்டன. கீழ்வீட்டு அம்மாள் ஒருவர் குப்பை போட வந்து, எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டார். பாம்பு என்றாள் தாரணி. அந்த அம்மாள் மேலங்கிப் பொத்தானைப் பூட்டினார். விஷமா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியென்றால் நான் சைக்கிள் கொட்டிலைப் பார்க்கிறேன் என்று போய்விட்டார். எங்கள் ஒழுங்கையில் இப்படிச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆளுக்கொரு பொல்லுத்தடியோடு ஊர் கூடியிருக்கும்.

கிடைக்கவில்லை. இந்தக் குளிரில் வெளியே விழுந்திருந்தால் இனித் தேடிப் பயனில்லை என்று தாரணி சொன்னாள். வெபருக்கு இப்போதே சொல்ல வேண்டும் என்று தொலைபேசியை எடுத்தாள், ஆனால் இலக்கத்தை அழுத்தவில்லை. படியேறும்போது அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மாதம் சமைக்க வந்தவள் இந்தப் பிள்ளையின் பெயரையே கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது.

தாய்க்காவது சொல்லுவோம் என்று கூடத்துக் கதவை மெல்லத் திறந்தாள். உள்ளே இருட்டு. அக்காவின் குரல் மிக மெல்லியதாக வந்தது.

"சத்தம் போடாதேங்கோ. இஞ்சை இருக்கிறா."

தாரணியின் நெற்றி விளக்கு மேலே போனது. கறிவேப்பிலை மரத்தின் உச்சிக் கொப்பில், இலைகளுக்கு நடுவில், இரண்டு தணல் பொட்டுகள்.

அக்கா கண்விழித்தபோது, சாடியின் விளிம்பால் ஏதோ ஊர்ந்து ஏறியதாம். பிள்ளைத்தாச்சி ஹில்டாவைத் தேடி நாங்கள் கதவுக்கு வெளியே பேசியதைக் கேட்டுத்தான் யாரென்று விளங்கியதாம். அவளுக்கு எழும்பி ஓடவும் வழியில்லை. கத்தியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "கத்தினால் பயந்து விழுந்திடுவா. வயித்துப் பிள்ளையளோடை விழலாமே?" என்றாள். நாங்கள் முற்றத்தில் பனிக்குள் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், பத்து வருடமாகப் பெயரையே சொல்லாத அந்த உயிரோடு அவள் தனியே, அசையாமல், மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். தாரணி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். போன உயிர் எங்கள் இருவருக்கும் அப்போதுதான் திரும்பி வந்தது.

ஆனால் ஹில்டா இறங்குவதாக இல்லை. வாலைக் கொப்பில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். பிரித்து இழுத்தால் உடம்புக்குக் கூடாது, தானாக விடும்வரை இருக்கலாம், ஆனால் இங்கே அவளுக்கு வேண்டிய சூடு இல்லை என்று தாரணி யோசித்தாள். அக்கா அண்ணாந்து பார்த்தாள். உச்சிக் கொப்பு, அதில்தான் இளம் துளிர்.

"கொப்பை வெட்டு" என்றாள்.

தாரணி தாயைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, உங்கடை மரம்."

"மரம் துளிர்க்கும். வெட்டு எண்டுறன்."

பூமரக் கத்திரியால் வெட்டி, பாம்போடும் இலையோடும் கொப்பை அப்படியே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தோம். அன்று இரவு மீன்குழம்பு மூன்று பேரும் சாப்பிட்டோம். அக்கா இரண்டாம் முறை சோறு கேட்டாள். தூள் நன்றாக வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு அந்த வயிற்றைப் பார்ப்பதே வேலை. சளி பிடித்திருக்குமோ, உள்ளே ஏதும் நடந்திருக்குமோ என்று தாரணி நாளுக்குப் பல தடவை காது கொடுத்துக் கேட்டாள். எனக்கு நித்திரை வரவில்லை. யேசு பிறந்த நத்தார் முடிந்த ஒரு காலை அவள் என் கதவைத் தட்டினாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

பெட்டியின் அடியில் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சவ்வுகள். ஒவ்வொன்றையும் கிழித்துக்கொண்டு ஒரு பென்சில் அளவுக் குட்டி. ஒன்று மஞ்சள். ஒன்று செம்மஞ்சள். ஒன்று, சத்தியமாக, செத்தல் மிளகாய் நிறம். இரண்டு மூன்று தாயைப்போலவே சாம்பல். பிறந்த கையோடு கறிவேப்பிலைக் கொப்பில் ஏறப் பார்த்தன. மஞ்சள் கட்டி ஒன்றுகூட இல்லை. ஊன்றுகோல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அக்கா வாசற்படியில் நின்றாள். ஒரு நிமிடம் தயங்கிவிட்டு உள்ளே வந்தாள்.

"மிளகாய் நிறத்தானை எனக்குக் காட்டு" என்றாள்.

ஞாயிறு பின்னேரம் வெபர் வந்தார். ஒரு கையில் பழக் கேக், மற்றக் கையில் குளிர் புகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி. குட்டி பிறந்ததும் ஹில்டாவைத் திருப்பிக் கொண்டுபோவதுதான் ஏற்பாடு. அவர் மேலங்கியைக் கழற்றுமுன்பே, வாசலில் வைத்தே, தாரணி நடந்ததைச் சொன்னாள். கண்ணாடியைத் திறந்தவள் நான் என்று சொல்ல வேண்டும் என்று அவளைக் கேட்டிருந்தேன். அவள் அதை விட்டுவிட்டு, என் வீட்டில் நடந்தது என்று மட்டும் சொன்னாள் என்று பின்னர் தெரிந்தது. வெபர் மேலங்கியைக் கழற்றி மாட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். இதோ கொண்டுபோகப் போகிறார், இனி இந்தப் பிள்ளைக்கு யாரும் எதையும் தரப்போவதில்லை என்று நினைத்தேன்.

ஹில்டா, இலை காய்ந்துபோன கொப்பில் தலைவைத்துக் கிடந்தாள். வெபர் அதைச் சுட்டி, இது என்ன மரம் என்று கேட்டார். அக்கா, முன்பு வைத்தியசாலைச் சமையலறையில் வேலைசெய்து பழகிய ஜேர்மனில், தானே பதில் சொன்னாள். அவர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். இவ்வளவு பெரிய வீட்டில் அவள் தேடிப்போய் ஏறிய மரமா என்றார்.

பிறகு தெரிவு. தாயின் சொந்தக்காரருக்குத்தான் முதல் உரிமை. தாரணியின் கண் மிளகாய் நிறத்தானில் நின்றது. கேட்கமாட்டாள், வழக்கம் வழக்கம்தான். வெபர் நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரு சாம்பல் குட்டியைக் காட்டினார். நிறத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நிறத்தைப் பெறுகிறவளை யாரும் பார்ப்பதில்லை என்றார். தாரணி விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

ரெஜிபோம் பெட்டியை அவர் திறக்கவே இல்லை.

"குளிர்காலத்தில் இவள் பயணம் செய்ய வேண்டாம். இங்கேயே இருக்கட்டும். அடுத்த வருடமும் இருக்கட்டும்" என்றார்.

கேக்கும் தேநீரும் முடிந்தன. மிளகாய்த்தூள் போட்ட கடலை வடை ஒன்றைச் சாப்பிட்டு அவர் கண்ணீர் விட்டார். பச்சை இறைச்சி தின்னுகிற மனிதருக்கு அது ஆகவில்லை. அவர் எழும்பும்போது அக்கா என்னைக் கூப்பிட்டு, சாடியின் ஓரத்தில் நின்ற பக்கக் கன்று ஒன்றை வேரோடு கிண்டச் சொன்னாள். பிழையாகக் கேட்டேனோ என்று நின்றேன். கிண்டு என்றாள். ஹில்டாவுக்காக வந்த அந்தப் பெட்டியில், சூட்டுப் பொதி வைத்து, கன்றை நிமிர்த்தி வைத்தாள். வெளியில் பனி, வேர் குளிரக்கூடாது என்று ஜேர்மனில் மூன்று தடவை சொன்னாள். அவர் அதைப் பாம்பைத் தூக்குகிற கவனத்தோடு படிக்கட்டில் இறக்கிக்கொண்டு போனார்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள் அக்கா ஊன்றுகோல் இல்லாமல் அடுப்படி வரை நடந்தாள். கீரிமலைச் சிப்பிகள் ஹில்டாவின் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தன. என் பெட்டி வெறுமையாக, மனமும் இலேசாக இருந்தது. அப்போது கொலோன் மச்சாள் தொலைபேசி எடுத்தாள். கால் எப்படி, தங்கை எப்போது போகிறாள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, வழக்கம்போலக் கன்றுக்கு வந்தாள். இந்த முறை பக்கத்தில் ஒன்று முளைத்ததாக யாரோ சொன்னார்களாம்.

"அது குடுத்தாச்சு மச்சாள்" என்றாள் அக்கா.

ஆருக்கு என்ற கேள்வி எனக்கே கேட்டது.

"சம்பந்தியாருக்கு."

சம்பந்தியாரோ என்று மச்சாள் திருப்பிக் கேட்டாள். தாரணி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே, ஓர் எழுத்தையும் விழுங்காமல் சொன்னாள்.

"ஓம் மச்சாள். எங்கடை தாரணி பாம்பெல்லோ வளர்க்கிறாள். அவளின்ரை பாம்புக்குப் பெண் குடுத்த மனிசன்."